மாளிகையின் வாசலும் புறக்கட்டும்

பழைய பிரபுக்களின் வாசஸ்தலங்களைப் பார்க்கப் போகிறவர்கள், கூடத்தில் தொங்கும் சரவிளக்கையும், சுவரை அலங்கரிக்கும் மூதாதையர் சித்திரங்களையும், விருந்து மண்டபத்து வெள்ளிப் பாத்திரங்களையும் கண்டு வியந்து, பூந்தோட்டத்தில் சிறிது உலாவிவிட்டு, மனநிறைவோடு திரும்பிவிடுவது வழக்கம். உள்ளே நுழைந்தபோது தாண்டி வந்த கல்வாசலையும், அதன் பக்கத்தில் ஒதுங்கி நின்ற காவலாள் வீட்டையும், மரங்களுக்கு அப்பால் மறைந்து கிடக்கும் லாயம், தொழுவம், களஞ்சியம் ஆகியவற்றையும் நின்று பார்ப்பவர் சிலரே. ஆயினும், ஒரு ஜமீனின் வரவு செலவையும், அதன் எஜமானருடைய ஆசாபாசங்களையும், அங்கே உடலுழைத்த ஜனங்களின் வாழ்க்கையையும் அறிய விரும்புகிறவனுக்கு, வரவேற்பறையைக் காட்டிலும் இந்தப் புறக்கட்டடங்கள்தாம் நம்பத்தகுந்த சாட்சி என்பது என் அபிப்பிராயம். பிரபு தம்மைப் பற்றி ஊரார் என்ன நினைக்க வேண்டுமென்று விரும்பினார் என்பதை வாசல் சொல்லும். அந்த விருப்பம் யாருடைய உழைப்பினால் நிறைவேறிற்று என்பதைப் பண்ணை முற்றம் சொல்லும்.

அயர்லாந்து தேசத்தின் நடுப்பாகத்தில், ஷானன் நதிக்கு மேற்கே, புல்வெளியும் ஏரியும் சதுப்பு நிலமுமாக விரிந்து கிடக்கும் ராஸ்காமன் ஜில்லாவை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அந்த ஒரு ஜில்லாவிலேயே மூன்று பெரிய ஜமீன்களின் மூன்று விதமான முடிவைக் காண்கிறோம். ஸ்ட்ரோக்ஸ்டவுனில் வாசல், மாளிகை, லாயம் ஆகிய மூன்றும் இன்றைக்கும் நிற்கின்றன. ராக்கிங்ஹாமில் 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஜான் நாஷ் என்ற புகழ்பெற்ற சிற்பி அமைத்த மாளிகை 1957-இல் தீக்கிரையாகி, எஞ்சிய சுவர்களும் பின்னர் இடிக்கப்பட்டுவிட, பணியாட்கள் எஜமானர் கண்ணில் படாமல் நடமாடுவதற்காகத் தோண்டிய சுரங்கப் பாதைகள் இன்றும் பழுதில்லாமல் இருக்கின்றன. மோட் பார்க்கிலோ, 1960-களில் மாளிகை தரைமட்டமான பிறகு, உச்சியில் சிங்கம் வீற்றிருக்கும் கம்பீரமான நுழைவாயில் ஒன்று, எந்த மாளிகைக்கும் வழிகாட்டாமல் நின்றுகொண்டிருக்கிறது. செல்வம் நிலையாது என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டியதில்லை. ஆனால் மாளிகைகள் போய்ப் புறக்கட்டடங்கள் தங்கியதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் பிரதேசம் 17-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்துப் படைத்தலைவர் கிராம்வெல்லின் படையெடுப்பைத் தொடர்ந்து நிகழ்ந்த நிலப் பறிமுதல்களின் பயனாக, மஹோன் என்ற குடும்பத்தார் வசமாயிற்று. முதலில் சாமானியமாக இருந்த வீட்டை, 1730-களில் தாமஸ் மஹோன் என்பவர் இருபுறமும் சிறகுகள் விரித்தாற்போல் கட்டடங்கள் சேர்த்து விசாலமாக்கினார். இந்த வேலையின் அமைப்பு, ஜெர்மனியிலிருந்து வந்து டப்ளினில் பெரும்புகழ் ஈட்டிய ரிச்சர்ட் காஸல்ஸ் என்ற சிற்பியுடையது என்று கருதப்படுகிறது. இரண்டு சிறகுகளில் ஒன்று சமையற்கட்டு. மற்றொன்று குதிரை லாயம். ஆகவே மாளிகையை எதிரே நின்று பார்ப்பவனுக்கு ஒரே சீரான கல் முகப்பு தெரிந்தாலும், உண்மையில் அந்த அழகிய முகப்பில் ஒரு பகுதி அடுப்புக்கும் மற்றொரு பகுதி குதிரைக்கும் உரியது. உழைப்புக்கான இடங்களையும் அலங்காரத்தின் அங்கமாக ஆக்கிவிடுவது அக்காலத்துச் சிற்ப சாஸ்திரத்தின் சாமர்த்தியம்.

ஊர்ப்புறத்திலிருந்து வருகிறவன் முதலில் காண்பது ராஜபாட்டை போன்ற ஒரு வீதி. அதன் அகலம் ஏறத்தாழ 45 மீட்டர்; சிறிய ஊருக்குச் சற்றும் பொருந்தாத அந்த அகலம், வர்த்தகத்தை உத்தேசித்ததைவிடக் கௌரவத்தையே மிகுதியும் உத்தேசித்தது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். வீதியின் ஒரு கோடியில் 1819-இல் கட்டிய எண்கோண வடிவமான தேவாலயம். மறு கோடியில் கோட்டைக் கொத்தளம் போன்ற உச்சியுடன் மூன்று வளைவுகள் கொண்ட கல்வாசல். மூன்று வளைவுகளில் நடுவில் உள்ளது உயர்ந்தது. எந்த எதிரியும் படையெடுத்து வரப்போவதில்லை என்பது அதைக் கட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், 1800-இல் அயர்லாந்தின் பார்லிமெண்டைக் கலைத்து இங்கிலாந்தோடு இணைக்கும் மசோதாவுக்குத் துணைநின்று ஹார்ட்லண்ட் பிரபு என்ற பட்டம் பெற்ற ஒரு குடும்பத்துக்கு, பட்டத்துக்குத் தக்க பழமை வேண்டியிருந்தது. நேற்றுக் கட்டிய வாசல் ஐந்நூறு வருஷத்துக் கோட்டைபோல் தோன்றினால் அந்தக் குறை தீரும் என்று எண்ணினார்கள்.

இத்தகைய வாசல்களின் அருகே காவலாள் வசிக்கும் சிறு வீடு ஒன்று அமைவது நியதி. ஒன்றிரண்டு அறைகளே கொண்ட அந்த வீட்டில் ஜமீனின் தோட்டக்காரனோ வேலையாளோ குடும்பத்தோடு வாடகையின்றி வசிப்பான். அதற்குப் பிரதியாக, பகலானாலும் நள்ளிரவானாலும், வண்டிச் சத்தம் கேட்டவுடன் ஓடிவந்து கதவைத் திறப்பது அவன் கடமை. கணவன் வயலில் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் கடமை மனைவியையும் மக்களையும் சேர்ந்தது. சாலையை நோக்கிய முகப்பில் கூரான கோதிக் ஜன்னலும், செதுக்குக்கல் வேலைப்பாடும், உயர்ந்த புகைபோக்கியும் இருக்கும். பின்புறம் போய்ப் பார்த்தால் வெறும் கரட்டுக்கல் சுவர். சில இடங்களில், சமச்சீர் அழகு கெடலாகாது என்பதற்காக, வாசலின் இரு பக்கங்களிலும் ஒரே அச்சாக இரண்டு சிறு வீடுகளைக் கட்டி, இரண்டிலும் ஒரே குடும்பத்தைக் குடியிருத்துவார்கள். ஒரு வீட்டில் சமைத்து உண்டு, மற்றொரு வீட்டில் உறங்குவதற்காக, மழையிலும் பனியிலும் பாதையைக் கடந்து போகவேண்டும். அந்தச் சமச்சீரின் அழகு வண்டியில் வருகிறவர்களுக்கு; அசௌகரியம் உள்ளே வசிக்கிறவர்களுக்கு.

சிறிய கட்டடம் என்பதால் செலவு குறைவு. செலவு குறைவு என்பதால் பரீட்சை செய்து பார்க்கத் துணிவு அதிகம். மாளிகையில் முயலத் தயங்கிய புதுப் பாணிகளையெல்லாம் பிரபுக்கள் வாசலில் முயன்றார்கள். டப்ளினுக்கு மேற்கே செல்பிரிட்ஜ் என்ற ஊரிலுள்ள காஸல்டவுன் மாளிகை, அயர்லாந்துப் பார்லிமெண்டின் சபாநாயகராக இருந்த வில்லியம் கானலிக்காக 1722 முதல் கட்டப்பட்டது. அதன் அமைப்பு இத்தாலியப் பாணியைத் தழுவிய மிகுந்த ஒழுங்குடையது. ஆனால் அதன் ஜமீனைச் சேர்ந்த ஒரு சிறு காவல் வீடு, பாட்டி லாங்லி என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட சித்திரப் புத்தகத்திலிருந்து எடுத்த கோதிக் முகப்போடு, பொம்மைக் கோயில்போல் காட்சியளிக்கிறது. அச்சான புத்தகங்களிலிருந்து மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர்க் கொத்தனாரிடம் கொடுத்துக் கட்டச் சொல்வது அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. ஒரே விதமான காவல் வீடுகளைப் பல ஜில்லாக்களில் காண்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாட்டர்போர்டு ஜில்லாவில் ட்ரோமானா என்ற இடத்திலுள்ள வாசல் இன்னும் விசித்திரமானது. இந்தியனுக்கு அங்கே ஒரு கணம் தான் எங்கிருக்கிறோம் என்ற மயக்கமே உண்டாகும். பினிஸ்க் என்ற சிற்றாற்றின் பாலத்தின்மேல், வெங்காயக் குவிமாடமும், ஒல்லியான ஸ்தூபிகளும், கோதிக் ஜன்னல்களுமாக, நவாபு அரண்மனையையும் கிறிஸ்தவ மடத்தையும் கலந்து கட்டியது போன்ற நுழைவாயில் அது. 1826-இல் அந்த ஜமீனின் எஜமானர் ஹென்றி வில்லியர்ஸ் ஸ்டூவர்ட், வியன்னா நகரத்துப் பெண்மணி ஒருவரை மணந்து ஊர் திரும்பியபோது, குடியானவர்கள் தற்காலிகமாக அமைத்த வரவேற்பு வளைவு தம்பதிகளுக்கு மிகவும் பிடித்துப்போகவே, பிற்பாடு அதையே நிலையாகக் கட்டினார்கள் என்பது அவ்விடத்து ஐதிகம். இந்தப் பாணிக்கு முன்மாதிரி, ஆங்கில இளவரசருக்காகப் பிரைட்டன் கடற்கரையில் எழுந்த அரண்மனை. அதை அமைத்தவர், ராக்கிங்ஹாம் மாளிகையை அமைத்த அதே ஜான் நாஷ். அவருக்கோ இந்தியக் கட்டடங்களைக் காட்டிக் கொடுத்தவை தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற சித்திரக்காரர்களின் படங்கள். இவ்விருவரும் 1792-இல் தென்னாட்டில் சஞ்சரித்து, மதுரையையும் தஞ்சாவூரையும் வரைந்து சென்றவர்கள் என்பதை நினைக்கும்போது, மழை ஓயாத அந்த ஆற்றங்கரைக் குவிமாடம் நமக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

வாசலின் மோகம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் அதே வாட்டர்போர்டு ஜில்லாவில் காணலாம். லிஸ்மோர் ஊருக்கு அருகே பாலிஸாகர்ட்மோர் என்ற காட்டினுள், கோபுரங்களும் கொத்தளங்களும் பாலமுமாக, மணற்கல்லால் ஆன இரண்டு பிரம்மாண்டமான வாசற்கட்டடங்கள் நிற்கின்றன. 1830-களில் ஆர்தர் கீலி-அஷர் என்ற நிலச்சுவான்தார் இவற்றைக் கட்டினார். தம் மைத்துனர் புதிதாகக் கட்டிய கோட்டையைக் கண்டு பொறாமை கொண்ட அவர் மனைவி, அதைவிடப் பெரியதாக ஒன்று வேண்டுமென்று நச்சரித்ததாகவும், வாசலைக் கட்டி முடிப்பதற்குள் பணம் தீர்ந்துவிட்டதாகவும், ஆகையால் கோட்டை எழும்பவே இல்லையென்றும் ஊரார் சொல்வார்கள். பொறாமைக் கதை எப்படியாயினும், வாசல் இருக்கக் கோட்டை இல்லை என்பது கண்கூடு. பஞ்ச காலத்தில் குடியானவர்களை நிர்த்தாட்சிணியமாக வெளியேற்றியவர் என்ற அபகீர்த்தி மாத்திரம் அந்த எஜமானருக்கு நிலைத்துவிட்டது.

இனிப் பண்ணை முற்றத்துக்குள் பிரவேசிப்போம். பெரிய வாசல் வழியாக மாட்டு வண்டியோ எரு வண்டியோ போகக் கூடாது. அவற்றுக்கென்று வேறொரு சாலையும், அதன் முனையில் எளிய கதவும் உண்டு. அதன் வழியே வந்தால், நாற்புறமும் கட்டடங்கள் சூழ்ந்த ஒரு சதுர முற்றத்தை அடைவோம். நுழைவு வளைவின்மேல் சிறு மணிக்கூடு. காலையில் வேலை தொடங்கவும் மாலையில் முடிக்கவும் அடிக்கும் அந்த மணியோசைதான் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கடிகாரம். வளைவை அடுத்துக் காரியஸ்தரின் வீடு. முற்றத்தில் யார் வருகிறார், எதைச் சுமந்து போகிறார் என்பதைத் தம் ஜன்னலிலிருந்தே அவர் பார்க்கும்படி அதன் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். முற்றத்துத் தரை முழுவதும் உருளைக் கல் பாவி, நடுவே வாய்க்கால் போல் சரித்து, மழைநீரும் தொழுவக் கழிவும் எருக்குழிக்கு ஓடும்படி செய்திருப்பார்கள்.

கட்டடங்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால், ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு பிரயோஜனம் இருப்பது தெரியவரும். கதிரடிக்கும் கொட்டகைக்கு எதிரும் புதிருமாக இரண்டு பெரிய கதவுகள். இரண்டையும் திறந்துவிட்டால் ஊடே பாயும் காற்றில் நெல்லைத் தூற்றுவதுபோலவே ஓட்ஸையும் பார்லியையும் தூற்றலாம். சுவரில் வெளிப்பக்கம் விரல்கடை அகலமும் உட்பக்கம் முழ அகலமுமாக விரியும் நீண்ட பிளவுகள், மழையை விடாமல் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. தானியக் களஞ்சியம் எப்போதும் மாடியில்தான்; எலிக்கும் ஈரத்துக்கும் அஞ்சி அப்படி அமைத்து, வெளிச்சுவரை ஒட்டிக் கற்படி கட்டியிருப்பார்கள். அதன் கீழே திறந்த வளைவுகளுக்குள் வண்டிகள் நிற்கும். குதிரை லாயத்துக்கு மேலே பரணில் உலர்ந்த புல். மேலிருந்து நேரே தீனித் தொட்டியில் தள்ளிவிடத் துவாரம். பாலறை வெயில் படாத வடதிசை நோக்கியிருக்கும். கொல்லன் உலைக்களத்தை, வைக்கோலுக்குத் தீ பரவாதபடி, ஒரு மூலையில் ஒதுக்கியிருப்பார்கள். கதவுகள் குறுக்கே இரண்டாகப் பிரிந்தவை. மேற்பாதியைத் திறந்து கீழ்ப்பாதியைச் சாத்தினால், மாட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும், மாடு வெளியே போகாது.

சுவர்களின் கல்லும் கவனிக்கத்தக்கது. ராஸ்காமன் பூமியின் அடியில் இருப்பது சாம்பல் நிறமான சுண்ணாம்புக்கல். வளைவுகளுக்கும் மூலைகளுக்கும் ஜன்னல் விளிம்புகளுக்கும் மட்டும் கொத்திச் செதுக்கிய கல்லை வைத்து, மற்ற இடங்களில் கிடைத்த கல்லைக் கிடைத்த வடிவத்திலேயே அடுக்கினார்கள். அதே கல்லைக் காளவாயில் சுட்டு நீற்றினால் சாந்துக்குச் சுண்ணாம்பு. நீர் சேர்த்துக் கரைத்தால் தொழுவத்துச் சுவருக்கு வெள்ளை. மிஞ்சியதை வயலில் தூவினால் புளிப்பேறிய மண்ணுக்கு மருந்து. ஒரே பூமியிலிருந்து சுவரும், சாந்தும், வெள்ளையும், விளைச்சலும் வந்தன.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் லாயத்தில் நுழைந்தால், தூண்களும் அவற்றின்மேல் கவிந்த கல் விதானங்களும் தேவாலயத்துக்குள் வந்துவிட்டோமோ என்று நினைக்கச் செய்யும். குதிரை வளர்ப்பிலும் வேட்டையிலும் பிரபுக்களுக்கு இருந்த பக்திக்கு அதுவே அத்தாட்சி. சமையற்கட்டையும் மாளிகையையும் லாயத்தையும் இணைத்து நிலத்தடியில் ஒரு பாதை ஓடுகிறது. பணியாட்களும் சரக்குக் கொண்டுவருவோரும் மேலே உலாவும் விருந்தாளிகளின் பார்வையில் பட்டுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். சமையற்கட்டில் உயரே ஒரு நடைமாடம் இருக்கிறது. எஜமானி சமையலறைத் தரையில் காலை வைக்காமல் அங்கிருந்தபடியே வேலையை மேற்பார்வை பார்ப்பாள் என்றும், திங்கட்கிழமை தோறும் அந்த வாரத்து உணவுப் பட்டியலை மேலிருந்து கீழே போடுவாள் என்றும் சொல்கிறார்கள். மேலும் கீழுமாக மனிதரைப் பிரித்து வைத்த ஒரு சமுதாயத்தின் லட்சணம், இந்தச் சுரங்கத்திலும் நடைமாடத்திலும் கல்லாகவே உறைந்திருக்கிறது.

இவ்வளவு கட்டடங்களுக்கும் பொருள் எங்கிருந்து வந்தது? 1731-இல் விவசாய அபிவிருத்திக்கென்று டப்ளின் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது முதல், சீர்திருத்தப் பண்ணை நடத்துவது பிரபுக்களிடையே கௌரவமான பொழுதுபோக்காயிற்று. 1740, 41-ஆம் வருஷங்களில் கடுங்குளிரால் நேர்ந்த பஞ்சத்துக்குப் பின், சபாநாயகர் கானலியின் விதவை காதரீன், ஏழைகளுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு லீக்ஸ்லிப் அருகே 1743-இல் எழுப்பிய களஞ்சியம் இதற்கு ஒரு விநோதமான உதாரணம்; கூம்பு வடிவான அந்தக் கட்டடத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு 94 படிகள் உச்சிவரை ஏறிச் செல்கின்றன. பின்னர், 1784-இல் ஜான் பாஸ்டர் கொண்டுவந்த தானியச் சட்டம் ஏற்றுமதிக்கு ஊக்கமளித்தது. 1793 முதல் 1815 வரை நீடித்த பிரெஞ்சு யுத்தம் தானிய விலையை வானளாவ உயர்த்திற்று. நாம் இன்று காணும் பண்ணை முற்றங்களில் பல, அந்தச் செழிப்புக் காலத்திலும் அதை அடுத்த தலைமுறையிலும் எழுந்தவை. ஆனால் செழிப்பின் அடித்தளம் குத்தகை. யுத்தம் முடிந்து விலை விழுந்தபோதும் குத்தகை விழவில்லை. நிலத்தைத் துண்டு துண்டாக்கி, உருளைக்கிழங்கு ஒன்றையே நம்பி வாழ்ந்த குடியானவர்கள், விளைந்த தானியத்தை விற்றுக் குத்தகை செலுத்தினார்கள்.

1845-இல் உருளைக்கிழங்கைப் பூஞ்சை நோய் பற்றியது. அடுத்த சில வருஷங்களில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டைவிட்டுச் சென்றனர். நோய் தோன்றிய அதே வருஷத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் ஜமீன், கடன்களோடும் குத்தகை பாக்கிகளோடும் மேஜர் டெனிஸ் மஹோன் என்பவருக்கு வந்து சேர்ந்தது. நான்கு பவுனோ அதற்குக் குறைவோ மதிப்புள்ள சிறு நிலங்களுக்கான ஏழை வரியை நிலச்சுவான்தாரே செலுத்த வேண்டும் என்பது சட்டம். ஆகவே சிறு குடியானவன் ஒருவன் இருக்கும்வரை அவன் எஜமானருக்கு நஷ்டம். அவனை ஏழைகள் விடுதியில் வைத்துக் காப்பாற்றுவதைவிடக் கப்பலேற்றி அனுப்புவது மலிவு என்று ஜமீனின் காரியஸ்தர் கணக்கிட்டார். 1847 மே மாதத்தில் 1,490 பேர் டப்ளின் வரைக்கும் கால்நடையாக நடத்திச் செல்லப்பட்டு, அங்கிருந்து லிவர்பூல் வழியாகக் கானடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களைச் சுமந்த கப்பல்களில் ஒன்றான 'விர்ஜீனியஸ்' 476 பேரோடு புறப்பட்டது. அவர்களில் 158 பேர் நடுக்கடலிலேயே இறந்தனர். அதே வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி, வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மஹோன் சுட்டுக் கொல்லப்பட்டார். பல ஜமீன்களின் நெடிய மதிற்சுவர்கள் இந்தப் பஞ்ச காலத்துக் கூலியால் எழுந்தவை. பசித்தவனுக்குக் கஞ்சி வார்ப்பதற்கு முன் அவனைக் கல் சுமக்கச் சொன்னார்கள்.

அதன்பின் காலம் மாறிற்று. 1881-இல் ஏற்பட்ட நிலக் கமிஷன் மூலமாகவும், 1903-ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலமாகவும், குத்தகைக்காரர்கள் தாம் உழுத நிலத்தைத் தவணையில் விலைக்கு வாங்கிச் சொந்தக்காரரானார்கள். குத்தகை நின்றது; குத்தகையால் நடந்த மாளிகையும் தள்ளாடிற்று. 1920 முதல் 1923 வரை, விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும், 200-க்கு மேற்பட்ட மாளிகைகள் கொளுத்தப்பட்டன. தப்பியவற்றில் பல, வரிச்சுமை தாங்காமல் கூரை பிரிக்கப்பட்டு, ஈயத்துக்கும் மரத்துக்கும் விலைபோயின. எண்பது அறைகள் கொண்ட வீடு ஒரு விவசாயிக்கு எதற்கு? ஆனால் மாட்டுத் தொழுவம் வேண்டும். வைக்கோல் போடக் கொட்டகை வேண்டும். டிராக்டர் நிறுத்த வண்டிக்கூடம் வேண்டும். அரண்மனையை வாங்க ஆளில்லாத ஊரில் காவலாள் வீட்டில் ஒரு சிறு குடும்பம் சுகமாகக் குடியேறிற்று. பயன்பட்டதனால் புறக்கட்டடங்கள் பிழைத்தன. பெருமை ஒன்றுக்காகவே வாழ்ந்த மாளிகை, பெருமை போனவுடன் வீழ்ந்தது.

பிழைத்தவற்றுக்கும் அபாயம் இல்லாமலில்லை. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பலியாவது வாசல். புதிய இயந்திரங்கள் பழைய வளைவுக்குள் நுழையாதபோது, இரும்புக் கொட்டகை ஒன்று பக்கத்தில் எழ, கல் தொழுவம் அநாதையாகிறது. அதைவிடக் கொடியது நல்லெண்ணத்தோடு செய்யும் பழுது பார்த்தல். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையே அரிக்கத் தொடங்கும். இதை உணர்ந்து, 2008 முதல் அயர்லாந்தின் பாரம்பரிய கவுன்சில், விவசாய இலாகாவோடு சேர்ந்து, பழைய பண்ணைக் கட்டடங்களைப் பழைய முறையிலேயே செப்பனிடுகிற விவசாயிகளுக்கு மானியம் அளித்து வருகிறது. புதுமெருகு ஏற்றாமல் உள்ளதைக் காப்பாற்றுவதே அந்த வேலையின் நோக்கம். பரணில் வசிக்கும் வௌவாலுக்கும் ஆந்தைக்கும் இடையூறு நேராமல் அதைச் செய்யவேண்டும். 1992-இல் ஏற்பட்ட ஐரிஷ் லாண்ட்மார்க் டிரஸ்ட் என்ற ஸ்தாபனமோ, பாழடைந்த காவல் வீடுகளைப் புதுக்கி, விடுமுறை கழிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தால் அவற்றைப் பராமரிக்கிறது. காஸல்டவுன் ஜமீனைச் சேர்ந்த கோதிக் வீடும் அவற்றில் ஒன்று. வெக்ஸ்போர்டு ஜில்லாவில் ஜான்ஸ்டவுன் கோட்டையின் பண்ணை முற்றம் முழுவதுமே தேசிய விவசாயக் காட்சிசாலையாகிவிட்டது. ஏர், வண்டி, மோர் கடையும் கருவி ஆகியவற்றுக்கு அதைக் காட்டிலும் பொருத்தமான இருப்பிடம் கிடையாது.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் தப்பிய வரலாறும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1979-இல் மஹோன் வம்சத்தின் கடைசி வாரிசு ஜமீனை விற்றபோது, வாங்கியவர் உள்ளூரில் மோட்டார் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர். லாரிகள் நிறுத்த இடம் வேண்டியே அவர் நிலத்தைக் கேட்டார். ஆனால் பழைய அலுவலகத்தில் குவிந்து கிடந்த தஸ்தாவேஜுகளைப் புரட்டியபோது, 1846-இல் க்ளூனஹி என்ற கிராமத்துக் குடியானவர்கள் எழுதிய விண்ணப்பம் அவர் கையில் சிக்கிற்று. தம் குடும்பத்தாரின் பசிக் கூக்குரலை இனித் தாங்க இயலாது, வேலை கொடுங்கள் என்று இரந்து எழுதிய கடிதம் அது. அந்தக் காகிதங்களின் மதிப்பை உணர்ந்து அவர் எடுத்துக்கொண்ட முயற்சியால், 1994-இல் தேசியப் பஞ்சக் காட்சிசாலை ஸ்ட்ரோக்ஸ்டவுனின் லாய முற்றத்தில் திறக்கப்பட்டது. 1,490 பேர் டப்ளினுக்கு நடந்த வழி இன்று 165 கிலோமீட்டர் நீளமுள்ள நினைவுப் பாதையாக, ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்தே தொடங்குகிறது.

நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பது பற்றி நாம் பேசும்போதெல்லாம் அழகையும் பழமையையும்தான் முதலில் எண்ணுகிறோம். ராஸ்காமன் ஜில்லாவின் மூன்று ஜமீன்களும் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. ராக்கிங்ஹாம் மாளிகையும் மோட் பார்க் மாளிகையும் அழகிலோ கீர்த்தியிலோ குறைந்தவை அல்ல. அவற்றால் ஊருக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லாது போயிற்று, அவ்வளவே. கொட்டகையில் வைக்கோல் இருக்கும் வரையிலும், காவலாள் வீட்டில் யாரேனும் அடுப்பு மூட்டும் வரையிலும், லாயத்தில் ஊராரின் சரித்திரக் காகிதங்கள் இருக்கும் வரையிலும், ஓட்டைப் பார்க்கவும் ஒழுக்கை அடைக்கவும் ஒரு கை இருக்கும். கூரை நன்றாக இருந்தால் கல்சுவர் பல தலைமுறை நிற்கும். கூரையை நன்றாக வைத்துக்கொள்ள ஒருவருக்கு மனம் வரவேண்டுமானால், அதன் கீழே நனையக் கூடாத பொருள் ஏதேனும் ஒன்று இருந்தாக வேண்டும்.